ஒரே கடையா, இரண்டு கடையா?

(நம் முன்னாள் மாணவர் சங்க ஆண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன வாரம் போன் செய்தார். "நீ பார்க்கிற வேலையைப் பற்றிப் பசங்களுக்குப் பயன்படுற மாதிரி அரை மணி நேரம் பேசு. ஆனா பாடம் நடத்தாதே, பின்வரிசை எழுந்து டீ குடிக்கப் போயிடும்" என்றார். பின்வரிசையில்தான் நானும் நான்கு வருடம் உட்கார்ந்திருந்தேன் என்பதால் அவர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன்.

என் வேலை நெட்வொர்க் அமைப்பது. இந்த வேலையில் எங்கே போனாலும் முதலில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "சாமான் எல்லாத்தையும் ஒரே கம்பெனியில வாங்கலாமா, இரண்டு மூணு கம்பெனியில கலந்து வாங்கலாமா?" இந்தக் கேள்விக்கு நான் இரண்டு முறை பதில் சொல்லி, இரண்டு முறையும் அடி வாங்கியிருக்கிறேன். அதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

முதலில் நம் தெருமுனை அண்ணாச்சி கடைக்குப் போவோம். தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் வளர்ந்தவர்கள் வீட்டில் ஒரு கணக்கு நோட்டு கட்டாயம் இருந்திருக்கும். பணம் இல்லாவிட்டாலும் அரிசி கிடைக்கும். ராத்திரி கதவைத் தட்டினாலும் மெழுகுவத்தி கொடுப்பார். ஒன்றாம் தேதி கணக்கைத் தீர்ப்போம். ஆனால் முழுதாகத் தீராது, ஒரு 300 ரூபாய் நிற்கும். அந்த 300 ரூபாய் நிற்கிற வரைக்கும், எதிர்க்கடையில் துவரம்பருப்பு கிலோவுக்கு 5 ரூபாய் குறைச்சல் என்றாலும் அம்மா போகமாட்டார்கள். அண்ணாச்சி பார்த்துவிடுவார்! ஒரே கடையில் வாங்குவதன் நன்மையும் தொல்லையும் அந்த நோட்டிலேயே இருக்கின்றன. ராத்திரியில் திறக்கும் கதவு நன்மை, தீராத பாக்கி தொல்லை.

வேதியியலும் வணிகவியலும் படித்த நண்பர்களுக்காக ஒரு நிமிடம். ஓர் அலுவலகத்தில் இருக்கும் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி சுவிட்ச். அலுவலகத்தை வெளியூரோடும் இன்டர்நெட்டோடும் இணைத்து, எந்தச் செய்தி எந்த வழியில் போக வேண்டும் என்று முடிவு செய்யும் பெட்டி ரவுட்டர். வாசலில் நின்று உள்ளே வருகிறவனை விசாரிக்கும் காவலாளி ஃபயர்வால். இந்தப் பெட்டிகளை உலகில் பல கம்பெனிகள் செய்கின்றன. அவை ஒன்றோடொன்று பேச வேண்டும். பேச்சுக்குப் பொதுமொழியும் உண்டு. ஒவ்வொரு கம்பெனிக்கும் தன் வீட்டு மொழியும் உண்டு. தொல்லை இந்த வீட்டு மொழியில்தான் தொடங்குகிறது.

நான் சேர்ந்த இடம் துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் ஒரு கன்டெய்னர் யார்டு. கேட், எடை மேடை, கிடங்கு, சுங்க அலுவலகம் என்று நாலா பக்கமும் கேபிள் ஓடும். அங்கே சுவிட்ச் முதல் வைஃபை வரை எல்லாம் ஒரே கம்பெனி. எனக்கு மேலே இருந்த அண்ணன், அனுபவசாலி, அதற்கு ஒரு காரணம் சொன்னார். "காசிமேட்டுல போட் வெச்சிருக்கிறவரைப் போய், எந்த எஞ்சின் நல்லதுன்னு கேளு. எந்த எஞ்சினுக்கு இங்க மெக்கானிக் இருக்கான்னு அவரு திருப்பிக் கேப்பாரு" என்றார். அது முழு உண்மை. ஒரே கம்பெனி என்றால் ஒரே கட்டளை மொழியைக் கற்றால் போதும். ஸ்பேராக ஒரு பெட்டி வைத்திருந்தால் பத்து இடத்துக்கு அதுவே உதவும். ஏதாவது நின்றுபோனால் ஒரு நம்பருக்குத்தான் போன் செய்ய வேண்டும். இரண்டு கம்பெனி என்றால் "எங்க பெட்டி நல்லாத்தான் இருக்கு சார், அவங்களைக் கேளுங்க" என்று இருவரும் பந்தை மாற்றி மாற்றி அடிப்பார்கள்.

ஐந்தாவது வருடம் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க விலை வந்தது. முதலாளி அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். முதலில் வாங்கியபோது கிடைத்த தள்ளுபடியெல்லாம் இதில் வட்டியோடு திரும்பப் போயிருந்தது. "குறைக்கச் சொல்லு" என்றார். எப்படிக் குறைக்கச் சொல்வது? அந்தக் கம்பெனியின் சொந்த முறைகளின் மேல்தான் எங்கள் நெட்வொர்க் முழுதும் நின்றது. சுவிட்சுக்குள் செருகும் ஃபைபர் மாட்யூலைக் கூட அவர்களுடையதாக இருந்தால்தான் பெட்டி ஏற்றுக்கொள்ளும். அளவு எல்லாருக்கும் ஒன்றுதான், ஆனால் வேறு பெயர் இருந்தால் 'தெரியாத பொருள்' என்று தள்ளிவிடும். நாங்கள் வேறு கடைக்குப் போக முடியாது என்பது விற்பவருக்கும் தெரியும். அண்ணாச்சி கடைப் பாக்கிதான், அதற்குப் பின்னால் சில சைபர்கள் கூடுதல்.

எனக்கு அப்போது இளரத்தம். 2010-ல் கார்ட்னர் என்ற ஆய்வு நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தது. இரண்டாவது கம்பெனி ஒன்றைச் சேர்த்துக்கொண்டாலே ஐந்தாண்டு மொத்தச் செலவில் 15 முதல் 25 சதவீதம் வரை குறைக்கலாம் என்பது அதன் சாரம். போட்டிக் கம்பெனிக்காரர்கள் அதை ஊர் ஊராகக் காட்டினார்கள். சந்தையின் பெரிய கம்பெனி அதை மறுத்தது. நான் அதை முதலாளியிடம் காட்டி, கிடங்குப் பக்கத்துக்கு வேறு கம்பெனி சுவிட்சுகளை வாங்க வைத்தேன். பணம் மிச்சமானது. எல்லாரும் பாராட்டினார்கள்.

பிறகு ஒரு மழைக்கால ராத்திரி. கிடங்கில் யாரோ ஒருவர் தொங்கிக்கொண்டிருந்த கேபிளை எடுத்து, காலியாக இருந்த வாசலில் செருகினார். நல்ல எண்ணத்தில்தான் செருகினார். இரண்டு சுவிட்சுகளுக்கு நடுவே தெரியாமல் ஒரு வளையம் உண்டாகிவிட்டது. இப்படி வளையம் ஏற்பட்டால் சில செய்திகள் முடிவில்லாமல் சுற்றிச் சுற்றிப் பெருகி, கேபிள் முழுவதையும் அடைத்துவிடும். இதைத் தடுக்கவே சுவிட்சுகள் தங்களுக்குள் எச்சரிக்கைச் செய்தி அனுப்பி, ஒரு பாதையை மூடிக்கொள்ளும். பழைய சுவிட்சுகள் இதை அந்தக் கம்பெனியின் வீட்டு மொழியில் செய்தன. புதியவை பொதுமொழியில் செய்தன. நான் அமைத்திருந்த விதத்தில், ஒன்றின் எச்சரிக்கை மற்றதற்கு எச்சரிக்கையாகவே படவில்லை. சாதாரணச் சரக்கு என்று நினைத்து அடுத்த வாசலுக்குத் தள்ளிவிட்டது.

கேட் நின்றது. எடை மேடை நின்றது. டோக்கன் அடிக்க முடியவில்லை. டிரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாலையில் நின்றன. இரண்டு கம்பெனிக்கும் போன் செய்தேன். இருவரும் மரியாதையாக, "எங்க பெட்டியில பிரச்சினை இல்லை சார்" என்றார்கள். இருவர் சொன்னதும் சரிதான்! கேட்டருகே ஒரு டிரைவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மழையில் நின்றார். "இன்னா தம்பி, கம்ப்யூட்டர் படுத்துக்கிச்சா? கப்பல் போயிடுச்சுன்னா வாடகைய யார் குடுப்பா?" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு நடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற மனிதர் அவர். என் மிச்சக் கணக்கில் அவர் ராத்திரி சேரவில்லை.

ஐந்து மணி நேரம் கழித்து, அண்ணன் வீட்டிலிருந்து வந்து, ஒரு நோட்டில் படம் வரைந்து, கேபிளை ஒவ்வொன்றாகப் பிடுங்கித்தான் கண்டுபிடித்தோம். அவர் என்னைத் திட்டவில்லை. "இரண்டு கம்பெனி வாங்குனது தப்பில்லடா. ரெண்டும் சேர்ற இடத்தை நீ படிக்கல" என்றார். மறுவாரமே இரண்டு பக்கமும் பொதுத் தர முறைக்கு மாற்றி, வேண்டுமென்றே வளையம் போட்டுச் சோதித்துப் பார்த்தோம். பிறகு அந்தத் தொல்லை வரவில்லை.

நம் யார்டில் நடந்த இந்த இரண்டு கதைகளும் உலக அளவிலும் நடந்திருக்கின்றன. 2018 டிசம்பர் 6-ஆம் தேதி இங்கிலாந்தில் ஓ2 என்ற செல்போன் நிறுவனத்தின் டேட்டா சேவை நின்றுபோனது. அந்த நெட்வொர்க்கை நம்பியிருந்தவர்கள் சுமார் 3 கோடியே 20 லட்சம் பேர். அதே நாளில் ஜப்பானில் சாஃப்ட்பேங்க் நிறுவனமும் நாலரை மணி நேரம் முடங்கியது. இரண்டு தேசம், இரண்டு நிறுவனம். ஆனால் மையத்தில் இருந்தது எரிக்சன் கம்பெனியின் ஒரே மென்பொருள். அதற்குள் இருந்த ஒரு டிஜிட்டல் சான்றிதழ் அன்று காலாவதியாகிவிட்டது. ரேஷன் கார்டைப் புதுப்பிக்க மறந்த மாதிரி! எல்லா இடத்திலும் ஒரே பெட்டி என்றால், ஒரே தவறு எல்லா இடத்திலும் ஒரே நிமிடத்தில் நடக்கும்.

இதைக் கேட்டு 'கலந்து வாங்குவதே நல்லது' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2022 ஜூலை 8-ஆம் தேதி கனடாவில் ரோஜர்ஸ் நிறுவனத்தின் நெட்வொர்க் ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் நின்றது. 1 கோடியே 20 லட்சத்துக்கும் அதிகமான வாடிக்கையாளர்கள். அவசர உதவி எண்ணுக்குப் பலரால் பேச முடியவில்லை. கடைகளில் டெபிட் கார்டு வேலை செய்யவில்லை. ரவுட்டரில் ஒரு வடிகட்டியை நீக்கியபோது வழித்தகவல்கள் வெள்ளமாகப் பாய்ந்து மைய ரவுட்டர்களை மூழ்கடித்தன. அவர்களிடம் இரண்டு கம்பெனி ரவுட்டர்கள் இருந்தன. ஒன்று வெள்ளத்தைக் கீழ்நிலையிலேயே அளவு கட்டி அனுப்பும் முறையில் செய்யப்பட்டது. மற்றது மைய ரவுட்டரில் கட்டுப்பாடு வைக்கும் முறையில் செய்யப்பட்டது. இந்த வேறுபாடுதான் கோளாறின் மையம் என்று அந்த நிறுவனமே அரசு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு எழுதித் தந்தது. இன்னொரு கொடுமை, சரிசெய்ய வேண்டிய ஊழியர்களின் போனும் அதே நெட்வொர்க்கில் இருந்ததால் ஆரம்பத்தில் அவர்களாலும் ஒருவரோடொருவர் சரியாகப் பேச முடியவில்லை. என் கிடங்குச் சுவிட்ச் கதையின் பெரிய அண்ணன் இது.

ஆக, ஒன்று வாங்கினாலும் விழலாம், இரண்டு வாங்கினாலும் விழலாம். விழாமல் இருப்பதற்கு எண்ணிக்கை மட்டும் போதாது.

இன்னொரு விஷயமும் உண்டு. விற்ற கம்பெனியே போய்விட்டால்? கனடாவின் நார்டெல் ஒரு காலத்தில் 90,000 பேருக்கு மேல் வேலை கொடுத்த கம்பெனி. 2009 ஜனவரி 14-இல் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. அதன் அலுவலக நெட்வொர்க் பிரிவை அவயா வாங்கியது. 2017-இல் அவயாவும் அதே மாதிரி நீதிமன்றம் போனது; அந்தப் பிரிவு எக்ஸ்ட்ரீம் என்ற கம்பெனிக்குக் கைமாறியது. நார்டெல் என்று நம்பி வாங்கியவர் பத்து வருடத்துக்குள் மூன்று முதலாளிகளைப் பார்த்துவிட்டார். கம்பெனி நன்றாக இருந்தாலும் அரசாங்கம் குறுக்கே வரலாம். 2020 ஜூலையில் பிரிட்டிஷ் அரசு, ஹுவாவே கம்பெனியின் கருவிகளை 2027 முடிவதற்குள் 5ஜி நெட்வொர்க்கிலிருந்து அகற்ற வேண்டும் என்று அறிவித்தது. நம் நாட்டிலும் 2021 ஜூன் 15 முதல், தொலைத்தொடர்பு நிறுவனங்கள் 'நம்பகமானவை' என்று அரசு ஒப்புக்கொண்ட இடங்களிலிருந்து மட்டுமே புதுக் கருவிகளை வாங்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. இன்று வாங்குகிற பெட்டியைப் பத்து வருடம் வைத்திருப்போம். பத்து வருடத்தில் எது மாறும் என்று யாராலும் சொல்ல முடியாது.

நம் நாடு இந்தக் கேள்வியை எப்படிச் சந்தித்தது என்பது மாணவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1982-இல் டிஜிட்டல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்காகப் பிரான்சின் அல்காடெல் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தோம். உத்தரப் பிரதேசத்தில் மன்காபூரில் ஐ.டி.ஐ. தொழிற்சாலை வந்தது. அதை மட்டும் நம்பியிருக்கவில்லை. 1984 ஆகஸ்டில் சி-டாட் நிறுவனத்தைத் தொடங்கி, நம் கிராமத்து வெயிலையும் தூசியையும் தாங்கும் சிறிய எக்ஸ்சேஞ்சை நம் பொறியாளர்களே செய்தார்கள். 1990-களில் சீமென்ஸ், எரிக்சன், ஏ.டி. அண்ட் டி., ஃபுஜிட்சு என்று பல கம்பெனி எக்ஸ்சேஞ்சுகள் நாட்டுக்குள் வந்தன. இங்கே இருக்கும் மூத்தவர்கள் எஸ்.டி.டி. பூத்தில் மீட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பேசியவர்கள். உங்கள் குரல் ஒரு கம்பெனி எக்ஸ்சேஞ்சில் புறப்பட்டு இன்னொரு கம்பெனி எக்ஸ்சேஞ்சில் போய் இறங்கியிருக்கும். அவற்றுக்கிடையே பொதுமொழியாக இருந்தது 'சிக்னலிங் எண் 7' என்ற சர்வதேசத் தரம். நாலு கம்பெனி சரக்கை வைத்து ஒரு நாட்டையே பேச வைத்தது அந்தத் தரம்தான்.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2016 செப்டம்பர் 5-இல் ஜியோ 4ஜி சேவை தொடங்கியபோது கோபுரங்களில் இருந்த ரேடியோ கருவிகள் ஒரே கம்பெனியுடையவை, சாம்சங். நாடு முழுவதும் வேகமாக அமைக்க அது உதவியது. அதே ஜியோ 2022-இல் 5ஜி-க்கு எரிக்சன், நோக்கியா என்ற இருவரைத் தேர்ந்தெடுத்தது. ஏர்டெல் அதே ஆண்டில் எரிக்சன், நோக்கியா, சாம்சங் என்று மூவரிடம் வாங்கியது. பி.எஸ்.என்.எல். கதை வேறு. 2020-இல் அதன் 4ஜி டெண்டர் ரத்தானது. பிறகு சி-டாட்டின் மையப் பகுதி, தேஜஸ் கம்பெனியின் ரேடியோ, இணைத்துத் தருவது டி.சி.எஸ். என்று உள்நாட்டுச் சரக்காகவே போனார்கள். 97,500 கோபுரங்களோடு 2025 செப்டம்பர் 27-இல்தான் அது முறைப்படி தொடங்கிவைக்கப்பட்டது. ஜியோவுக்குப் பிறகு ஒன்பது வருடம். காத்திருந்த நாட்களில் போன வாடிக்கையாளர்களும் அந்த முடிவின் விலைதான்; சொந்தமாகச் செய்யக் கற்றுக்கொண்டது அதன் வரவு. எதைத் தேர்ந்தெடுத்தாலும் விலை உண்டு. எந்த விலையை, எப்போது கொடுக்கப்போகிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

இவ்வளவும் பட்ட பிறகு நான் இப்போது என்ன செய்கிறேன்? ஐந்து விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, 'ஒரு கம்பெனியா, பல கம்பெனியா' என்று மொத்தமாகக் கேட்பதில்லை. அடுக்கு அடுக்காகக் கேட்கிறேன். கிடங்குச் சுவிட்சுகள் எல்லாம் ஒரே கம்பெனியாக இருக்கட்டும், ஸ்பேர் வைக்கச் சுலபம். ஃபயர்வால் வேறு கம்பெனியாக இருக்கட்டும், ஒன்றில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் மற்றது நிற்கும். ஓர் அடுக்குக்குள் நாலு கம்பெனியைக் கலப்பதில்லை. இரண்டு பேர் மட்டும் பார்த்துக்கொள்கிற சின்ன அலுவலகம் என்றால், தாராளமாக எல்லாம் ஒரே கம்பெனியாக இருக்கட்டும். ஆள் பலத்துக்கு மேல் வகைகளைச் சேர்க்கக் கூடாது.

இரண்டு, அடுக்கும் அடுக்கும் சேருமிடத்தில் பொதுமொழி மட்டும்தான். வழி சொல்ல ஓ.எஸ்.பி.எஃப்., வளையம் தடுக்க ஐ.இ.இ.இ. தரம் என்று, எல்லாக் கம்பெனியும் பேசுகிற முறைகளையே பயன்படுத்துகிறேன். கம்பெனியின் வீட்டு மொழி எவ்வளவு வசதியாக இருந்தாலும் அந்த இடத்தில் வேண்டாம். வாங்குவதற்கு முன் இரண்டையும் ஒரு மேஜையில் வைத்து இணைத்து, கேபிளைப் பிடுங்கி, கரண்டை அணைத்துப் பார்த்துவிடுகிறோம்.

மூன்று, வாங்குகிற அன்றே விலகுகிற செலவைக் கேட்கிறேன். ஐந்தாவது வருடப் பராமரிப்பு விலையை முதல் டெண்டரிலேயே எழுதி வாங்குகிறேன். லைசென்ஸ் முடிந்தால் பெட்டி ஓடுமா, நின்றுவிடுமா என்றும் எழுத்தில் கேட்கிறேன். கல்யாணப் பேச்சில் விவாகரத்தைப் பற்றிப் பேசுகிறானே என்று விற்பனையாளர் முகம் சுளிப்பார். பரவாயில்லை.

நான்கு, படமும் அமைப்பு விவரமும் நம் கையில் இருக்க வேண்டும். நெட்வொர்க் படம் கான்ட்ராக்டர் லேப்டாப்பில் மட்டும் இருந்தால், எத்தனை கம்பெனியிடம் வாங்கினாலும் நமக்கு முதலாளி அந்தக் கான்ட்ராக்டர்தான்.

ஐந்து, இரண்டு என்று எழுதியிருப்பது நிஜமாகவே இரண்டா என்று போய்ப் பார்க்கிறேன். இரண்டு கம்பெனியிடம் இன்டர்நெட் வாங்கியிருப்போம். இரண்டு ஃபைபரும் ஒரே பள்ளத்தில் வரும். ஒரு ஜே.சி.பி.யின் பல் பட்டால் இரண்டும் போய்விடும். 2017 ஜூன் 27-இல் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தை நாட்பெட்யா என்ற வைரஸ் தாக்கியதைத் துறைமுக வேலையில் இருக்கும் நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உலகெங்கும் கிளைகள் இருந்தும் எல்லாம் உள்ளே ஒன்றோடொன்று பிணைந்திருந்தன. 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் பத்து நாளில் புதிதாக அமைக்க வேண்டியதாயிற்று. எல்லாக் கிளையிலும் அழிந்துபோன பயனாளர் விவரப் பதிவு, கானா நாட்டில் மட்டும் ஒரு சர்வரில் தப்பியிருந்தது. காரணம், தாக்குதல் நேரத்தில் அங்கே கரண்ட் போயிருந்தது! மும்பைக்கு அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமத்தின் முனையம் நின்றபோது, அதே துறைமுகத்தின் வேறு முனையங்கள் கப்பல்களை ஏற்றுக்கொண்டன. அவை வேறு ஆளின் கையில், வேறு கம்ப்யூட்டரில் ஓடியதால் தப்பின. அதுதான் நிஜமான 'இரண்டு'.

மாணவத் தம்பி தங்கைகளே, கடைசியாக உங்களுக்கு. இங்கே வருவதற்கு முன் உங்களில் சிலரோடு பேசினேன். ஒரு தம்பி, ஒரு கம்பெனியின் சான்றிதழ் படிப்புக்காக வீட்டில் நகையை அடகு வைத்துப் பணம் கட்டியிருப்பதாகச் சொன்னார். எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. சான்றிதழ் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்; முதல் வேலைக்குக் கதவைத் திறப்பது அதுதான், எனக்கும் திறந்தது. ஆனால் அந்தச் சான்றிதழ்களில் பல மூன்று வருடத்தில் காலாவதியாகும். அதில் ஒரு கம்பெனியின் கட்டளைகளை மட்டும் மனப்பாடம் செய்தவர், அந்தக் கம்பெனியோடு கட்டப்பட்ட கேபிள் மாதிரி ஆகிவிடுகிறார். பெட்டி மாறினால் அவரையும் சேர்த்து மாற்றிவிடுவார்கள். நார்டெல் மட்டும் தெரிந்தவர்களுக்கு 2009 எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பொதுமொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். அதற்கு நகையை வைக்க வேண்டியதில்லை. இன்டர்நெட் ஓடுகிற விதிகள் எல்லாம் ஆர்.எஃப்.சி. என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கின்றன. கேபிளில் என்ன போகிறது என்று பிரித்துப் பார்க்க வயர்ஷார்க் என்ற மென்பொருள் இலவசம். ஜி.என்.எஸ்.3 போட்டு உங்கள் லேப்டாப்பிலேயே சின்ன நெட்வொர்க் அமைத்து உடைத்துப் பார்க்கலாம். ஒரு வளையம் போட்டுப் பாருங்கள். செய்தி எப்படிப் பெருகுகிறது என்று கண்ணால் பார்த்தவர் பிறகு எந்தக் கம்பெனி பெட்டி முன்னாலும் பயப்பட மாட்டார். நம் கல்லூரி ஆய்வகத்துக்கு இரண்டு வெவ்வேறு கம்பெனிகளின் பழைய சுவிட்சுகள் சிலவற்றைக் கொண்டுவர நானும் என் வகுப்புத் தோழர்கள் இருவரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம். சங்கத்தின் முன்னிலையில் சொல்லிவிட்டதால் இனி பின்வாங்க முடியாது!

டோல்கேட்டில் இறங்கித்தான் இன்று இங்கே வந்தேன். அந்தப் பெயருக்குக் காரணமான சுங்கக் கதவு போய்விட்டது. பெயர் மட்டும் நிற்கிறது. ஒரு காலத்தில் அந்த வழியாகத்தான் வண்டி போக வேண்டும், கேட்ட காசைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். இன்று திருவொற்றியூர் நெடுஞ்சாலை இருக்கிறது, எண்ணூர் விரைவுச் சாலை இருக்கிறது, கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் இருக்கிறது, 2021 பிப்ரவரியிலிருந்து மெட்ரோவும் இருக்கிறது. ஆனால் வண்ணாரப்பேட்டைப் பக்கம் தெருக்கள் தெரியாதவருக்கு நாலு வழி இருந்தும் பயனில்லை. ஒன்று அடைத்துக்கொண்டால் நடுரோட்டில் நிற்பார். வழியும் வேண்டும், வழி தெரிந்த ஆளும் வேண்டும். அந்த ஆள் நம் கல்லூரியிலிருந்து வர வேண்டும் என்பது என் ஆசை.

அந்த ராத்திரி மழையில் நின்ற டிரைவருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. உங்களில் ஒருவர் நாளை அப்படி ஒரு கேட்டருகே நிற்கும்போது, "பத்து நிமிஷம் அண்ணே, சரியாயிடும்" என்று சொல்லி, சொன்னபடி செய்துவிட்டால், இன்று நான் பேசியதற்குப் பலன் கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்வேன்.